ஏணிக்குக் கீழே மேற்பார்வை

தெருவில் எங்கேயாவது ஓர் ஏணியைச் சாத்திப் பாருங்கள். ஏறுகிறவன் நாலு படி ஏறுவதற்குள் அதன் அடியில் ஒருவர் வந்து நின்றிருப்பார். அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்களைச் சுருக்கிக்கொண்டு, மேலே இருப்பவனைப் பார்ப்பார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாரே, அந்த மாதிரிப் பார்வை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்கயா மாட்டப் போற?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அவ்வளவுதான். அதுவரை தெளிவாக இருந்தவனுக்கு, தான் மாட்டப் போவது அங்கேதானா, தனக்கு மாட்டத்தான் தெரியுமா, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதே சரிதானா என்று வரிசையாகச் சந்தேகம் வந்துவிடும்.

இந்த இனத்துக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். மேலிருந்து பார்ப்பதால் வந்த பெயர் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கீழே நின்றுகொண்டு மேலே பார்ப்பதால் வந்த பெயர் அது.

இவர்களை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் நுழைந்து, சாம்பாரை வாயில் வைக்காமலேயே நிறத்தைப் பார்த்து உப்புக் குறைவு என்று தீர்ப்புச் சொல்கிறவர் இவர்தான். கார் பின்னால் வரும்போது "வா, வா, வா" என்று சுவர் இடிக்கும்வரை கூப்பிட்டுவிட்டு, இடித்ததும் "அதான் சொன்னேனே" என்று நகர்கிறவரும் இவர்தான். இவர்கள் கையில் ஒருநாளும் சுத்தியலைப் பார்க்க முடியாது. ஸ்பேனரைப் பார்க்க முடியாது. கையில் அழுக்குப் படாமலிருப்பதே பதவியின் அடையாளம். உலகத்தில் உள்ள எல்லா வேலையும் இவர்கள் சொல்லித்தான் நடந்தது, தப்பாய்ப்போன எல்லா வேலையும் இவர்கள் சொன்னதைக் கேட்காததால் தப்பாய்ப்போனது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஒரு தெருவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் தணிகாசலம். அரசாங்கக் கிடங்கு ஒன்றில் மூட்டை அடுக்கும் ஆட்களுக்கு எப்படி அடுக்குவது என்று சொல்லியே சம்பளம் வாங்கி, சொல்லியே பதவி உயர்வு பெற்று, சொல்லியே ஓய்வு பெற்றவர். மூட்டைகள் கிடங்கோடு நின்றுவிட்டன. குரல் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. குரலை வைத்துக்கொண்டு மனிதர் சும்மா இருப்பாரா? முதலில் மனைவி அம்சா தோசை திருப்புவதை மேற்பார்த்தார். அம்சா ஒருநாள் தோசைக் கரண்டியை அவர் கையில் கொடுத்து, "இந்தாங்க, நீங்களே சுடுங்க, நான் நின்னு பாக்கறேன்" என்றாள். அன்றோடு அவர் சமையலறைப் பதவியைத் துறந்து தெருவுக்கு வந்தார்.

அவர் வீட்டுக்குப் பின்னால், ஒரே வளாகச் சுவருக்குள், ரேவதியின் வீடு. ரேவதியின் கணவன் கதிர்வேல் கொல்லையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் தறி நெய்கிறவன். வாயிலிருந்து வார்த்தையை வாங்குவதற்குள் ஒரு புடவையை நெய்துவிடுவான், அப்படி ஓர் அமைதி. பேச்சையெல்லாம் ரேவதி எடுத்துக்கொண்டாள். செல்போனை எதிரில் நிறுத்திவைத்து, தறி பின்னால் சடக் சடக் என்று ஓட, லைவில் புடவை விற்பாள். சிங்கப்பூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பார்ப்பார்கள். கேமராவைத் தாங்குவதும், வருகிற கேள்விகளை வாசிப்பதும், பார்சல் அனுப்புவதும் மகள் தீபிகாவின் பொறுப்பு. பி.காம். முடித்துவிட்டு, சம்பளத்துக்குப் போவதில்லை, அம்மாவோடுதான் தொழில் என்று தீர்மானித்திருந்த பெண்.

தொழிலுக்கு ஒரே எதிரி அந்தத் தகரக் கூரை. அதற்குள் செல்போன் சிக்னல் வருவதற்குள் உயிர் போய்விடும். ரேவதி புடவையின் உடலைக் காட்டுவாள், கரையைக் காட்டுவாள், "இப்ப பாருங்க முந்தானை" என்று இரண்டு கையாலும் விரிப்பாள், திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். வாயைத் திறந்த நிலையில் ரேவதி உறைந்து நிற்பாள். போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு குடும்பம், கல்யாணப் பெண்ணிலிருந்து அத்தைமார்வரை எல்லாருக்கும் எடுக்க வந்தவர்கள், இப்படி ஒரு முந்தானைக்காகக் காத்திருந்து காத்திருந்து வேறொரு லைவுக்குப் போய்விட்டார்கள். ரேவதி அவர்களைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொரு முறை பார்ப்பதாக வாக்கு வாங்கியிருந்தாள். அது நடந்தால் கொட்டகையில் சும்மா கிடக்கும் இரண்டாவது தறியும் ஓடும். நடக்காவிட்டால் தீபிகா வேலை தேட வேண்டியதுதான்.

தணிகாசலம் வீட்டில் நல்ல இன்டர்நெட் இருந்தது. அதைக் கொல்லைக்கு நீட்டிக்கொள்ளலாமா, வேண்டிய சாமானெல்லாம் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், மாதக் கட்டணத்திலும் பாதி கொடுத்துவிடுகிறேன் என்று ரேவதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுக்குப் போய் கேக்கணுமாமா? தாராளமா எடுத்துக்கோ" என்றார் தணிகாசலம். உண்மையிலேயே நல்ல மனசு. அந்த நல்ல மனசுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சத்யராஜ் வந்தான். கேமரா மாட்டுவது, வைஃபை போடுவது அவன் தொழில். வேகமான கை, அதைவிட வேகமான வாய், ஒரு வேலையில் நிற்கும்போதே அடுத்த வேலைக்கு அழைத்தவர் போனில் கத்திக்கொண்டிருப்பார். வெள்ளை நிறத்தில், இரண்டு கொம்பு வைத்த ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினான். "இது அவுட்டோர் அக்சஸ் பாயின்ட்கா, வெளியில மாட்டற வைஃபை. வெயில் மழை எதுவும் பண்ணாது. ஒரே கேபிள், அதுலயே நெட்டும் போவும், கரன்ட்டும் போவும்." கொட்டகை ஜன்னலுக்கு எதிரே வீட்டின் வெளிச்சுவரில், சன்ஷேடுக்கு அடியில், ஒரு ஸ்டூல் போட்டால் கை எட்டுகிற உயரத்தில் பென்சிலால் குறி போட்டான். "இங்கேருந்து ஜன்னல் வழியா நேரா உள்ள அடிக்கும்."

டிரில்லிங் மிஷினை அழுத்தப் போகும்போது பின்னால் செருமல் கேட்டது.

"ஏம்பா, அவ்ளோ தாழ்வாவா?"

சத்யராஜ் திரும்பினான். தணிகாசலம் அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் கொட்டகையை ஒட்டி நாலு தூண்மேல் நிற்கிற தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"அந்தத் தொட்டி மேல ஒரு பைப்பை நட்டு, அதும் உச்சியில வெச்சா?"

"அவ்ளோ உசரம் வேணாம் சார். கீழ தகரம் இருக்குது. தகரத்த தாண்டி சிக்னல் எறங்காது."

"திருவிழாவுல மைக் செட்காரன் குழாயை எங்க கட்டறான்? உசரத்துலதான? கீழ கட்டினா ஊருக்குக் கேக்குமா?"

"சார், அது சத்தம். இது சிக்னல்."

"ரெண்டும் காத்துலதானபா போவுது?"

சத்யராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த வேலைக்கு அழைத்தவர் போனில் கூப்பிட்டார். ரேவதி இருவருக்கும் நடுவில் நின்றாள். இணைப்பு அவருடையது, பெருமனசு அவருடையது. "அண்ணா சொல்றாரேபா..." என்று இழுத்தாள்.

அப்போதுதான் தணிகாசலம் இந்த இனத்தின் மிகக் கொடிய ஆயுதத்தை எடுத்தார். "நான் ஒரு யோசனைதான் சொன்னேன். அப்பறம் உங்க இஷ்டம்." இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிற மனிதரை மீறி யாராவது எதையாவது செய்திருக்கிறார்களா? மீறிச் செய்து, பிறகு அந்த வேலையில் ஒரு சின்னக் கோளாறு வந்தால், காலத்துக்கும் அந்த முகத்தில் அல்லவா விழிக்க வேண்டும்?

பெட்டி தொட்டிக்கு மேலே ஏறியது. அதன் பிறகு நடந்ததையெல்லாம் சொன்னால் சத்யராஜுக்கு மறுபடி தலைவலி வரும். பைப் சாய்ந்திருக்கிறது என்றார், நிமிர்த்தினான். இப்போது அந்தப் பக்கம் சாய்கிறது என்றார், பழையபடி வைத்தான். "பாத்தியா, சொன்னதும் சரியாயிடுச்சு" என்றார். மழைத் தண்ணீர் கேபிள் வழியாகப் பெட்டிக்குள் போகாமல் சொட்டிவிடட்டும் என்று அவன் கேபிளைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டிருந்தான். அது அவர் கண்ணில் பட்டது. "இன்னாபா இது, துணி காயப்போடற கொடி மாதிரி?" அவன் காரணம் சொன்னான். கவனமாகக் கேட்டார், தலையை ஆட்டினார், "கரெக்ட்டுதான்" என்றார், "இழுத்துக் கட்டிடு" என்றார். சத்யராஜ் சரி என்று சொல்லி அந்த வளைவைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். கிடங்கில் மூட்டை அடுக்கியவர்களும் இப்படித்தான் பிழைத்திருக்க வேண்டும்.

கீழே இறங்கி வந்து, போனில் தட்டித் தட்டி, பெட்டிக்கு உயிர் கொடுத்தான். வீட்டுக்குள் இருக்கும் பெட்டி, வெளியே இருக்கும் பெட்டி இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்று சேர்த்தான். "என்ன பேர் வெக்கலாம்?" என்று கேட்டான். ரேவதி தன் கடைப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அருகில் தணிகாசலம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் கனம் தாங்காமல், "அண்ணாவே ஒரு பேர் சொல்லட்டும்" என்றாள்.

"எனக்கென்னமா பேர்ல ஆசை" என்றார் அவர். "தணிகை டவர்னு போட்டுடு."

பாஸ்வேர்டை மாற்றும் அதிகாரமுள்ள நிர்வாகச் சாவியும் தன் போனிலேயே இருக்க வேண்டும் என்றார். "சார், அதுல எதையும் மாத்திடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தான் சத்யராஜ். கிளம்பும் முன் சிக்னல் பார்த்தார்கள். அடுத்த தெருவில் டீக்கடையில் நின்றவர்களுக்குத் தணிகை டவர் முழுசாகக் காட்டியது. நேர் கீழே கொட்டகைக்குள் ஒரே ஒரு கோடு. சத்யராஜ் மறுபடி ஏறி, கொம்புகளைச் சாய்த்து, எப்படியோ இரண்டு கோடு வரவழைத்தான். "ஓடும்கா" என்றான். ஓடும் என்று நம்பிச் சொன்னதல்ல, தான் ஓட வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அது அவனுக்கே தெரியும். அதனால் ரேவதியின் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வரதர் கோயில் உற்சவத்துக்காக ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம். தணிகாசலம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வளாகச் சுவர் ஓரமாக உலாவப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு இளைஞர்கள் பைக்கில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்த்துச் சிரித்தார்களோ, யார் கண்டது? தணிகாசலத்துக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவருடைய டவரிலிருந்து அவருடைய இன்டர்நெட் சுவரேறிக் குதித்து அந்தப் போன்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. கிடங்கில் திருட்டு நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதரா அவர்?

உள்ளே வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எதையும் மாற்றாதீர்கள் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட இடத்துக்குள் நுழைந்து, பாஸ்வேர்டை மாற்றினார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. நிர்வாகச் சாவிக்கும் அதையே வைத்தார். போன் இரண்டு முறை "நிச்சயமாகவா?" என்று கேட்டது. தன்னிடம் ஒரு போன் இப்படிச் சந்தேகம் கேட்பது பிடிக்காமல் அழுத்தமாக ஆமாம் என்றார். பிறகு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.

சாயங்காலம் அவரை எழுப்பியது தீபிகாவின் குரல். "பெரிப்பா, நெட் வரல. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது."

"மாத்திட்டேன்மா" என்றார் பெருமையோடு. "பாதுகாப்புக்கு."

"சரி பெரிப்பா, புதுசு இன்னா?"

"என் பேரு, ரிட்டையர் ஆன வருஷம், நடுவுல ஒரு கொக்கி."

"எந்தக் கொக்கி?"

தணிகாசலம் போனின் எழுத்துப் பலகையைப் பார்த்தார். அங்கே கொக்கி மாதிரி ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றும் அவரைத் தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. ஒன்றைப் போட்டார். தப்பு. இன்னொன்று. தப்பு. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டோமா, சின்னதாகவா? பெயரில் எச் உண்டா, இல்லையா? போனே சலித்துப்போய், சிறிது நேரம் கழித்து முயலவும் என்று கதவைச் சாத்திக்கொண்டது.

கொல்லையில் ரேவதி குளித்து, பூ வைத்து, புடவைகளை வரிசையாக எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். செல்போன் டேட்டாவில் முயன்றார்கள். உற்சவக் கூட்டம் மொத்தமும் சுவாமியைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு வணக்கம்கூடப் போகவில்லை. சத்யராஜைக் கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை; அவன் வீட்டில் கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலையாம், வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். வீட்டுக்குள் இருந்த பெட்டியை ரீசெட் செய்து பாஸ்வேர்டை அழித்துவிடலாம் என்றால், இணைப்புக்காரர் வந்துதான் மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். "மேல இருக்கறத மட்டும் அழிச்சா போதும். அதும் அடியில சின்ன ஓட்டை இருக்கும். ஊக்கால கொஞ்ச நேரம் அழுத்தணும். அப்பறம் கீழேருந்தே நான் செட் பண்ணிடுவேன்" என்றாள் தீபிகா. அவள் பார்வை தொட்டிக்கு மேலே பைப்பின் உச்சிக்குப் போனது. எல்லார் பார்வையும் போனது. சன்ஷேடுக்கு அடியில் சுவரில் சத்யராஜ் போட்ட பென்சில் குறி எட்டுகிற உயரத்தில் அப்படியே இருந்தது.

கோயம்புத்தூர் அம்மாள் செய்தி அனுப்பியிருந்தார்: ஆரம்பிச்சாச்சா?

கதிர்வேல் தறியிலிருந்து எழுந்து, ஏணியைத் தூக்கி வந்து தொட்டித் தூணில் சாத்தினான். முதல் படியில் கால் வைத்தான்.

"கதிர்வேலு, அந்தக் காலை வெக்காத. வலது காலை..."

பழக்கம். தணிகாசலத்தின் வாய் அவரைக் கேட்காமல் பேசிவிட்டது. ரேவதி திரும்பினாள். இத்தனை நாள் அண்ணா அண்ணா என்று குழைந்த அதே குரல், இப்போது தறிக் கட்டை விழுந்தது போல் விழுந்தது.

"நீ எறங்குயா. அண்ணா, எடம் நீங்க சொன்னது. பாஸ்வேர்டு நீங்க போட்டது. நீங்களே ஏறுங்க."

 தணிகாசலம் கூடவே கொல்லைக்கு வந்திருந்த மனைவியைப் பார்த்தார். எத்தனை சண்டை இருந்தாலும் ஊர் முன்னால் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். அம்சா தன் வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். "கெட்டியா புடிச்சிக்கினு ஏறுங்க" என்றாள்.

ஏறினார். வாழ்நாளில் எத்தனையோ பேரை எத்தனையோ ஏணிகளில் ஏற்றியவர், முதல் முறையாகத் தானே ஒன்றில் ஏறினார். கீழிருந்து பார்க்கும்போது ஏணி உறுதியான சாமான். மேலே போகப் போக அது நடுங்குகிறது.   தொட்டி மேடையின் விளிம்பைப் பிடித்தபோது உள்ளங்கை வழுக்கியது. தூரத்தில் கோபுரம் தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் கும்பிட்டிருப்பார், கையை எடுத்தால் அல்லவா கும்பிடுவது?

இதற்குள் கீழே ஏணி சாத்திய வாசனை தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு ராஜவேலு வந்து நின்றான். இந்தத் தெருவில் அவன் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை. தணிகாசலம் இருக்கும் இடத்தில் மற்றவர்களுக்குப் பேச வாய்ப்பேது? இன்று இடம் காலியாக இருந்தது. ராஜவேலு அண்ணாந்து பார்த்தான். கைகள் தாமாகப் பின்னால் போயின.

"அண்ணா, பைப்பப் புடிக்காதீங்க. தொட்டியப் புடிங்க."

"தொட்டி வழுக்கும், பைப்பயே புடிங்க" என்றாள் எதிர்வீட்டு அம்மாள், சுவருக்கு மேலே தலையை நீட்டி.

"கீழ பாக்காதீங்க!"

"பாக்காம எப்படி காலை வெப்பாரு? பாருங்கண்ணா, ஆனா பயப்படாதீங்க!"

தணிகாசலத்துக்கு அவர்கள் சொல்வது ஒன்றும் புரியவில்லை. மேலே கேட்கும்போது அது வார்த்தையாகவே இல்லை. காக்கைக் கூட்டத்தின் நடுவில் தலையைக் கொடுத்த மாதிரி ஓர் இரைச்சல். ஊக்கை நுழைக்க வேண்டிய ஓட்டை கண்ணுக்கு முன்னால் ஆடியது.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கறீங்களாபா!" என்று கத்தினார்.

கத்திய பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிடங்கில் எத்தனை பேர் இதை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கியிருப்பார்கள்! அந்த நினைப்போடு ஊக்கை அழுத்தினார். பெட்டியின் விளக்கு அணைந்தது. பிறகு மினுக் மினுக்கென்று எரிந்தது. கீழே தீபிகா போனில் வேகமாகத் தட்டினாள். புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. அது என்ன என்று பெரியப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கிற நிலையில் இல்லை.

கொட்டகைக்குள் இரண்டு கோடு சிக்னலை நம்பிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. கொட்டகை வாசலிலேயே கொடி கட்டிப் புடவைகளைப் போட்டு, கொல்லையில் நின்றபடியே லைவை ஆரம்பித்துவிட்டாள் ரேவதி. அரை மனசோடு காத்திருந்த கோயம்புத்தூர்க் குடும்பம் வந்தது. மற்றவர்களும் வந்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம்ங்க, கொஞ்சம் லேட் ஆயிடுச்சு" என்றாள். படம் உறையவில்லை. குரல் திக்கவில்லை. முதல் புடவையைக் கையில் எடுத்தாள்.

தீபிகா கேள்விகளை வாசிக்கத் தொடங்கி, தடுமாறி நின்றாள். புடவையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

பின்னாடி மேல ஒருத்தர் நிக்கறாரே, யாருங்க?

திரையின் மூலையில், தொட்டிக்கும் பைப்புக்கும் நடுவில், வேட்டி காற்றில் படபடக்கத் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். ஏறியாகிவிட்டது. இறங்குவதற்கு ஏணியின் முதல் படி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளக் காலைத் தூக்க வேண்டும். அந்தக் காலைத் தூக்கத்தான் அவரால் முடியவில்லை.

சேலத்திலிருந்து ஒருவர் எழுதினார்: ஐயா, திரும்பி நின்னு இறங்குங்க. சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: திரும்பாதீங்க, உக்காந்துடுங்க. மதுரையிலிருந்து: வேட்டியை மடிச்சுக் கட்டச் சொல்லுங்க. அந்தக் கம்பியைப் பிடிக்கட்டும். அது கம்பியில்லை, ஒயர். வலது கால். இடது கால். பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ரேவதி லைவ் போட ஆரம்பித்த நாளிலிருந்து இத்தனை கூட்டம் வந்ததில்லை. வந்தவர்கள் நண்பர்களையும் கூப்பிட்டார்கள். ஊர் ஊராக, நாடு நாடாக, ஓர் ஏணிக்கு அடியில் வந்து நின்றார்கள்.

கோயம்புத்தூர் அம்மாள் எழுதியதைத் தீபிகா சத்தமாக வாசித்தாள்: "அந்தப் பெரியவரை முதல்ல இறக்கிட்டு வாங்க கண்ணு. நாங்க எங்கயும் போகல. உட்கார்ந்திருக்கோம்."

கதிர்வேல் ஏணியில் ஏறினான்.  மேடை விளிம்புவரை போய், தணிகாசலத்தின் குதிகாலைத் தன் உள்ளங்கையால் பிடித்து, படியின் மேல் கொண்டுவந்து வைத்தான். பிறகு அடுத்த கால். ஒவ்வொரு படிக்கும் அந்தக் கை வந்தது, காலை வாங்கியது, வைத்தது, அடுத்ததற்குப் போனது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். தன் வாழ்க்கையில் ஒரு வேலை இவ்வளவு பேச்சில்லாமல் நடந்து அவர் பார்த்ததில்லை. இதையும் பார்க்கவில்லை, கண்தான் மூடியிருந்ததே. தரை வந்து காலில் பட்டபோதுதான் திறந்தார். கதிர்வேல் தறிக்குப் போய்விட்டான். திரையில் கைதட்டல் படங்களாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்சா அவர் தோளைத் தொட்டு, "வாங்க, காபி போட்டிருக்கேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்காக அவர் அவளுக்குக் கடைசிவரை நன்றியோடு இருந்தார்.

ரேவதி முந்தானையை விரித்தாள். அது முழுசாக விரிந்தது. கோயம்புத்தூர்க் குடும்பம் பெண்ணுக்கு எடுத்தது, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எடுத்தது, அத்தைமாருக்கு எடுத்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களிலும் பாதிப் பேர் வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டார்கள். இரண்டாவது தறிக்குப் பாவு நூல் வந்துவிட்டது. தீபிகா இப்போதும் அம்மாவோடுதான் இருக்கிறாள்.

அந்த வாரமே சத்யராஜ் வந்து ரேவதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெட்டியை இறக்கி, பழைய பென்சில் குறியிலேயே மாட்டினான். தணிகாசலம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. டிரில்லிங் மிஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாற்காலியில் ஒருமுறை நெளிந்ததைத் தவிர, மனிதர் மிக ஒழுங்காக நடந்துகொண்டார். திருந்திவிட்டார் என்று அம்சா நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள்.

வெளியே ராஜவேலுவின் குரல் கேட்டது. "சத்யராஜு, கொஞ்சம் மேல ஏத்தி வெச்சா இன்னாபா?"

அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போனார். ராஜவேலுவின் தோளில் கை போட்டு, சற்று ஒதுக்கி நிறுத்தினார்.

"தபாரு ராஜவேலு. கீழ நின்னுக்கினு வாய்க்கு வந்தத சொல்லக்கூடாது. ஏறிப் பாத்தவன் நான் சொல்றேன், கேட்டுக்கோ" என்றார். அதுவரை ஊகமாக இருந்தது இப்போது அனுபவமாகிவிட்டது அல்லவா? அன்றிலிருந்து அந்தத் தெருவில் மேற்பார்வைக்கே ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார்.

இது யாரோ ஒருவரைப் பற்றிய கதை என்று நீங்கள் புன்னகையோடு மூடி வைக்கும் முன் ஒரே ஒரு விசாரணை. படித்துக்கொண்டு வரும்போது, அந்த நெட் கேபிளை உருவி நேராக ஒரு கம்ப்யூட்டரில் சொருகியிருக்கலாமே என்று தோன்றியதா? டீக்கடைப் பக்கம் ஓடிப்போயிருந்தால் செல்போன் டேட்டா கிடைத்திருக்கும் என்றோ, ரிட்டையர் ஆன வருஷத்துக்குப் பதில் பிறந்த வருஷத்தைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றோ? போகட்டும், இந்தக் கதையையே நடுவில் இரண்டு பத்தி குறைத்து எழுதியிருக்கலாம் என்றாவது?

பதில் சொல்ல வேண்டாம். உங்கள் தெருவில் யாராவது தோளில் ஏணியோடு போவதைப் பார்த்தால் மட்டும், தயவுசெய்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.